"அக்கவுண்ட் பிரைவேட்தானே?": சமூக வலைத்தளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு முழு வழிகாட்டி

கடந்த மே மாத விடுமுறையில் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பிளஸ் ஒன் முடித்திருந்தாள். இன்ஸ்டாகிராம் பற்றிப் பேச்சு வந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "என் அக்கவுண்ட் பிரைவேட்டுலதான இருக்கு சித்தி. தெரியாத யாரையும் சேர்க்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவாது."

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னேன். அவளைப் பின்தொடராத என்னுடைய இன்னொரு கணக்கிலிருந்து, அவளை முன்பின் தெரியாத ஒருவர் தேடுவதுபோல இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். இனிஷியலோடு முழுப்பெயர் அவள் கணக்கிலேயே இருந்தது. முகம், பள்ளியின் பெயர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் மூன்றும் டியூஷன் சென்டர் பேஸ்புக்கில் போட்டிருந்த வாழ்த்து பேனரில் கிடைத்தன. பிறந்த தேதியும் வயதும் அத்தை போட்ட பிறந்தநாள் வாழ்த்தில். தெருவின் பெயர் புதுமனை புகுவிழா அழைப்பிதழில். அதை மாமா ஒருவர் பொதுவில் பகிர்ந்திருந்தார். காலையில் எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் என்பது தோழி ஒருத்தியின் ரீல்ஸில், பின்னால் தெரிந்த பலகையில். எல்லாவற்றுக்கும் ஆன நேரம் இருபது நிமிடம்.

அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரைத் தவிர இதுல ஒண்ணுகூட நான் போட்டது இல்லையே சித்தி."

அவள் சொன்னது உண்மை. சமூக வலைத்தளப் பாதுகாப்பு என்று எழுதப்படுபவை பெரும்பாலும் "நீ எதைப் போடாதே" என்பதோடு நின்றுவிடுகின்றன. நம் ஊரில் ஒரு பிள்ளையைப் பற்றிய தகவலில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளையைச் சுற்றியிருப்பவர்கள் போடுவது. அதனால் இதைப் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முடிந்தால் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் போனோடு, ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே படியுங்கள்.

விட்டுவிடச் சொல்லவில்லை

"அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிடலாமே" என்று அக்கா கேட்டாள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும், எந்த மண்டபத்தில் சாப்பாடு கிடைக்கிறது என்பதை ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் தொகுத்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் கல்லூரிப் பிள்ளைகள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டதும் பெரும்பாலும் இந்தப் போன்கள் வழியாகத்தான். அவ்வளவு பெரிய நிகழ்வுகளுக்குப் போக வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று வீட்டில் கேட்க ஆளில்லாத, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, போன வருடம் அதே வழியைக் கடந்த சீனியரின் டெலிகிராம் குழு பெரிய துணை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தபோது, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்ற விவரத்தை எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இதைவிட வெளியில் தெரியாத ஒரு நன்மையும் உண்டு. ஒரு சின்ன ஊரில், பறவைகளைப் பார்ப்பதில் பித்துப்பிடித்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியில் பேச வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். இவர்களுக்குத் தன்னைப்போல் இன்னொருவர் இருக்கிறார் என்று முதன்முதலாகக் காட்டுவது இந்தத் திரைதான். அதைப் பிடுங்குவது சின்ன இழப்பு அல்ல.

படி 1: உங்களை நீங்களே தேடுங்கள்

நாங்கள் செய்த அதே வேலை. செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் கூரையை அடைத்துப் பயனில்லை.

பிரவுசரில் இன்காக்னிட்டோ பக்கத்தைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் தேடுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடியுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள்; நான்கையும் போட்டுப் பாருங்கள். பெயரோடு ஊர், பெயரோடு பள்ளி, பெயரோடு அப்பா பெயர். பிறகு போன் எண்ணை மட்டும் தனியாக. பிறகு நீங்கள் வழக்கமாக வைக்கும் யூசர்நேமை. ஆறாம் வகுப்பில் ஏதோ விளையாட்டுக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கு அநேகமாக இதில்தான் கிடைக்கும். கடைசியாக டிபி படத்தை கூகுள் லென்ஸில் கொடுத்து, அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அதன் பின் உங்களைப் பின்தொடராத ஒருவரின் போனை வாங்கி, அதில் உங்கள் இன்ஸ்டா, பேஸ்புக் பக்கங்களைத் திறந்து பாருங்கள். கிடைப்பதையெல்லாம் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "யார் போட்டது" என்றும் எழுதுங்கள். இந்த இரண்டாவது பத்திதான் பின்னால் பயன்படப்போகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. பள்ளி பெயர் தெரிந்தால் என்ன, பிறந்தநாள் தெரிந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்போது, காலை 7.40-க்கு எந்த நிறுத்தத்தில் யார் நிற்பாள் என்று ஒரு ஆளே வந்து நின்றுவிடுகிறார்.

படி 2: கணக்கைப் பூட்டுதல்

இன்ஸ்டாகிராமில் அக்கவுண்ட் பிரைவசி என்ற இடத்தில் பிரைவேட் அக்கவுண்ட்டை இயக்கினால் பதிவுகளும் ஸ்டோரியும் ஃபாலோயர்களுக்கு மட்டும் தெரியும். அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. பிரைவேட்டாக இருந்தாலும் பெயர், யூசர்நேம், டிபி, பயோ எல்லோருக்கும் தெரியும். பொதுக் கணக்குகளுக்குக் கீழே நீங்கள் போடும் கமெண்ட் தெரியும். தோழியின் பொதுக் கணக்கில் உங்கள் முகம் வந்தால் அதுவும் தெரியும். பூட்டுவதற்கு முன் சேர்ந்த ஃபாலோயர்கள் அப்படியே உள்ளேதான் இருப்பார்கள்.

ஆகவே பயோவில் பள்ளி, கல்லூரி, துறை, பிறந்த தேதி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபாலோயர் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். "இவரை நான் நேரில் பார்த்திருக்கிறேனா?" என்ற ஒரு கேள்வி போதும். நீக்கினால் அவருக்கு அறிவிப்பு போகாது, அந்தச் சங்கடம் வேண்டாம். யார் டேக் செய்யலாம் என்பதைப் பின்தொடர்பவர்களோடு நிறுத்தி, டேக்குகளை உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே காட்டும்படி வையுங்கள். அன்றாட ஸ்டோரிகளுக்கு குளோஸ் பிரண்ட்ஸ் பட்டியலைப் பயன்படுத்துங்கள்.

வயதைப் பற்றி ஒன்று. இந்தத் தளங்கள் கேட்கும் குறைந்தபட்ச வயது 13. பத்து வயதில் கணக்கு தொடங்க 1998 என்று பிறந்த ஆண்டைப் போட்ட பிள்ளைகள் நிறைய. அப்படிப் போட்டால் தளம் உங்களைப் பெரியவராகவே நடத்தும். விளம்பரமும், வந்து சேரும் மெசேஜும் அதற்கேற்பவே இருக்கும். இன்ஸ்டாகிராம் 2025 தொடக்கத்தில் இந்தியாவுக்கும் கொண்டுவந்த டீன் அக்கவுண்ட்டில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், பழக்கமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு ஒலிக்காது. 16-க்குக் கீழ் இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பொய்யான வயதில் இந்தக் கவசம் கிடைக்காது. இருந்தால் திருத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குள் போய் டிபி, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் மூன்றையும் மை காண்டாக்ட்ஸ் என்று வையுங்கள். குரூப்ஸ் என்ற இடத்தையும் அப்படியே மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எண் தெரிந்த யாரும் உங்களை ஒரு குழுவில் போட்டு, அங்கே இருக்கும் நூறு பேருக்கும் உங்கள் எண்ணைக் காட்டிவிடலாம். டெலிகிராமில் போன் நம்பரை நோபடி என்று வைத்து மறையுங்கள். ஸ்நாப்சாட்டில் வரைபடத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டும் வசதிக்கு கோஸ்ட் மோட் போட்டுவிடுங்கள்.

படி 3: சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்

ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு, அதோடு பாஸ்வேர்டு போக இன்னொரு எண்ணும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு. வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று ஆறு இலக்க எண் ஒன்று வைக்கலாம்; வைத்துவிடுங்கள். "தெரியாம உன் நம்பருக்கு ஒரு கோடு வந்திருச்சு, கொஞ்சம் அனுப்பேன்" என்று நெருங்கிய தோழியின் எண்ணிலிருந்து மெசேஜ் வந்தால், தோழியின் கணக்கு ஏற்கெனவே பறிபோய்விட்டது என்று பொருள். அந்த ஓடிபி எண்ணை அனுப்பாமல் அவளை நேராக அழையுங்கள்.

கல்லூரி லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ வாட்ஸ்அப் திறந்திருந்தால், லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தைப் பார்த்துத் தெரியாத கருவியை வெளியேற்றுங்கள்.

இதைவிடக் கடினமான ஒன்று: காதலிப்பவர்கள், உயிர்த்தோழிகள் பாஸ்வேர்டைப் பரிமாறிக்கொள்வது. "எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் மடங்கிவிடுகிறார்கள். உங்கள் கணக்கில் உங்கள் ரகசியம் மட்டும் இல்லை. உங்களை நம்பி அழுது எழுதிய இன்னும் பத்து பேரின் பேச்சும் அதற்குள் இருக்கிறது. அவர்கள் யாரும் மூன்றாவது ஆளுக்கு அனுமதி கொடுக்கவில்லை. "எனக்கு மட்டும் சொந்தமானது இல்லை, அதனால் கொடுக்க முடியாது" என்று சொல்லலாம். அது மறைப்பது ஆகாது.

படி 4: படத்தின் பின்னணியைப் பாருங்கள்

போடுவதற்கு முன் முகத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பாருங்கள். யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, வண்டி நம்பர் பிளேட், வீட்டு வாசலில் கதவு எண், மேசையில் விரித்த ஆதார் நகல். ஹால் டிக்கெட்டைப் படமெடுத்து "வாழ்த்துங்கள்" என்று ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு முடிவைப் பார்க்கத் தேவைப்படுவது பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான். இரண்டும் தெரிந்த யாரும் உங்களுக்கு முன்பே உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிடலாம். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு அது என்ன வலி என்று யோசியுங்கள்.

போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் கூடவே போகும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுவது எளிது. போன இடத்தைப் போட ஆசைதான், போடுங்கள், அங்கிருந்து கிளம்பிய பிறகு. ஓட்டத்தையும் நடையையும் பதியும் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடம் 2018-இல் ராணுவ முகாம்களின் பாதைகளையே வெளியில் காட்டிக்கொடுத்தது. முகாமுக்குள் ஓடிய வீரர்கள் யாரும் "இதுதான் எங்கள் முகாம்" என்று எழுதவில்லை. தினமும் ஒரே பாதையில் ஓடினார்கள், அவ்வளவுதான்.

படி 5: வீட்டாரோடும் உறவுக்காரர்களோடும் பேசுதல்

முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். "யார் போட்டது" என்ற பத்தியில் வேறு பெயர்கள் இருக்கும். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். செட்டிங்ஸில் எந்தப் பொத்தானும் இதற்கு உதவாது, வாய் திறந்து கேட்க வேண்டும்.

முதலில் மஞ்சள் நீராட்டு விழா. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண்ணின் முழுப்பெயர், பெற்றோர் பெயர், ஊர், மண்டபம், தேதி எல்லாம் போட்டு ஃபிளெக்ஸ். அதன் படம் வாட்ஸ்அப்பில். பிறகு ட்ரோன் வைத்து எடுத்த வீடியோவைப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் தன் யூடியூப் சேனலில் விளம்பரத்துக்காக ஏற்றுவார். கீழே முன்பின் தெரியாதவர்களின் கமெண்ட். அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும் வயதிலும் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த வீடியோ. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை. பெற்றோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சந்தோஷத்தில், நாலு பேர் வாழ்த்தட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனாலும் விழா வீட்டோடு இருக்கலாம், வீடியோ பென் டிரைவில் இருக்கலாம். ஸ்டூடியோவில் அட்வான்ஸ் கொடுக்கும்போதே "எங்கள் வீடியோவையும் போட்டோவையும் எந்தச் சேனலிலும் போடக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அந்த நிமிடத்தில் அவர்கள் மறுக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால், நேரில் போய்ச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், தனியுரிமை மீறல் என்று யூடியூபிலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது.

அடுத்தது டியூஷன் சென்டர், பள்ளி. மதிப்பெண் பேனரில் படம் போட ஒப்புதல் கேட்க வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு இல்லை. சேரும்போதே சொல்லிவிடலாம். பின்னால் கேட்பதும் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. அக்கா மகளுக்காக நாங்கள் எழுதிக்கொடுத்த கடிதம் மூன்றே வரி: இந்தப் பதிவில் என் மகளின் படமும் பள்ளியும் உள்ளன, அவளுக்கு வயது 18 ஆகவில்லை, படத்தையும் பள்ளியின் பெயரையும் நீக்கிவிடுங்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

உறவுக்காரர்கள்தான் நுட்பமான இடம். "என் போட்டோவ ஏன் போட்டீங்க?" என்று பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் "பெரிய மனுசி ஆயிட்டா" என்று பேச்சு கிளம்பும். பெரியவர் ஒருவர் முன்னால் நின்றால் வேறு மாதிரி. எங்கள் வீட்டில் அக்காதான் அத்தைக்குப் போன் போட்டாள். "மதினி, பிறந்தநாளைக்கு நீங்க போட்டது ரொம்ப அழகா இருக்கு. பிள்ள வயசும் தேதியும் ஊருக்கெல்லாம் தெரியுது, அதான் பயமா இருக்கு. பிரண்ட்ஸ் மட்டும் பாக்குற மாதிரி மாத்தித் தாங்களேன்." அத்தைக்கு மாற்றத் தெரியவில்லை. பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, யார் பார்க்கலாம் என்ற இடத்தை மாற்ற அக்கா மகளே போனில் சொல்லிக்கொடுத்தாள். அத்தை அன்றைக்குத் தன் பழைய பதிவுகளையும் சேர்த்து மாற்றிக்கொண்டாள்.

பெற்றோருக்கு ஒன்று கேட்பேன். பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது வந்ததும், படம் போடும் முன் "போடட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். வீட்டில் மதிக்கப்பட்ட "வேண்டாம்" வெளியில் சொல்லும்போதும் தடுமாறாது.

கூகுள் தேடலில் வரும் படங்களுக்குத் தனியாக ஒரு வழி உண்டு. 18 வயது நிரம்பாதவரின் படத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கும்படி அவரோ பெற்றோரோ விண்ணப்பிக்கும் வசதியை 2021-இல் கொண்டுவந்தார்கள். மூலப் பக்கத்தில் படம் அப்படியே இருக்கும், தேடினால் வராது. பாதி நிம்மதி.

படி 6: செயலிகளிடம் எதைக் கொடுக்கிறீர்கள்

"போன ஜென்மத்தில் நீங்கள் யார்?" போன்ற வினாடிவினாக்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அப்படி ஒரு ஆளுமைத் தேர்வுச் செயலியின் வழியாக, அதைத் தொட்டவர்கள் மட்டுமல்லாமல் அவர்களின் நண்பர்கள் தகவலும் சேர்த்துச் சுமார் 8 கோடியே 70 லட்சம் பேஸ்புக் பயனர்களின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரசார ஆலோசனை நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று 2018-இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. உங்கள் இன்ஸ்டா, பேஸ்புக், கூகுள் கணக்குகளில் எந்தெந்த வெளிச் செயலிகள் இணைந்திருக்கின்றன என்று பார்த்து, நினைவில் இல்லாதவற்றைத் துண்டியுங்கள்.

பிறகு போனின் பெர்மிஷன்கள். டார்ச் லைட் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? உடனடிக் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் கேலரியையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவர்களின் படத்தை மார்ஃபிங் செய்து உறவினர்களுக்கே அனுப்பிய கொடுமைகளுக்குப் பிறகுதான், 2023-இல் கூகுள் பிளே கடன் செயலிகள் அந்த இரண்டையும் தொடக் கூடாது என்று தடுத்தது. இன்ஸ்டாவிலும் மற்றவற்றிலும் காண்டாக்ட்ஸ் இணைப்பை அணையுங்கள். நீங்கள் இணைத்தால் உங்கள் போனில் இருக்கும் அத்தனை பேரின் எண்ணும் சேர்ந்து போகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், குழந்தையின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது.

படி 7: தெரியாதவர் பேச வந்தால்

தாளைப் பார்த்து முடித்த அன்று இரவு, அக்கா மகள் மொட்டை மாடியில் தனியாக என்னிடம் போனை நீட்டினாள். மெசேஜ் ரிக்வெஸ்டில் ஒரு வரி. எந்தப் பேருந்தில் வருகிறாள், என்ன நிறப் பை என்று எழுதியிருந்தது. வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் அவள் தலைவலி என்று சொல்லி இரண்டு நாள் வகுப்புக்கே போகாமல் இருந்திருக்கிறாள். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "போனப் புடுங்கிருவாங்க சித்தி. அப்புறம் டியூசனையும் நிப்பாட்டிருவாங்க."

மிரட்டுகிறவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது இந்தப் பயத்தைத்தான். பெண் பிள்ளைகளை மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளையும். அழகான பெண் படம் போட்ட கணக்கிலிருந்து பேசி, வீடியோ கால் வந்து, அதைப் பதிவு செய்து, "உன் ஃபாலோயர் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று பணம் கேட்பது பையன்களைக் குறிவைத்தே நடக்கிறது. பழகி, படமெடுத்து, அதை வைத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கு 2019-இல் வெளிவந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களில் சிலர் துணிந்து சாட்சி சொன்னதால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

சில அடையாளங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பழகிய நான்கு நாளில் வேறு செயலிக்கு அழைப்பது. "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்பது. வீட்டில் சண்டை நடந்த அன்றே ஆறுதலாக வந்து நிற்பது. மாடலிங் வாய்ப்பு, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று சொல்வது. கல்லூரிப் பையன்களிடம் "உன் பேங்க் அக்கவுண்ட்ட மட்டும் கொடு, கமிஷன் தரேன்" என்று டெலிகிராமில் கேட்பதும் இந்த வரிசைதான். யாரோ ஏமாந்த பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் முதலில் வருவது கணக்கு வைத்திருப்பவர் வீட்டுக்கு.

தப்பான படம் எதையும் அனுப்பியதில்லை, அதனால் எனக்குப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். இப்போது சாதாரண முகப்படம் ஒன்றே போதும், மீதியைச் செயற்கை நுண்ணறிவு போலியாகச் செய்துவிடும். அப்படி நடந்தால் குற்றம் செய்தவர் அதைச் செய்தவர்தான். படம் போட்ட பெண் அல்ல.

படி 8: நடந்துவிட்டால்

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். பயத்தில் பேச்சை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. யூசர்நேம், கணக்கின் லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே பிளாக் செய்தால் சில விவரங்கள் கைவிட்டுப் போகும்.

உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அம்மா, அப்பாதான் என்றில்லை. சித்தி, மாமா, டீச்சர், யார் கத்தாமல் கேட்பார்களோ அவர்.

பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மற்றபடி தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்க முடியும். 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு.

அந்தரங்கப் படம் பரவும் என்ற பயம் இருந்தால் இரண்டு இலவச இணைய வசதிகள் உள்ளன. 18-க்குக் கீழ் எடுத்த படத்துக்கு டேக் இட் டவுன், அதற்கு மேல் ஸ்டாப் என்சிஐஐ. இவற்றில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படம் உங்கள் போனிலேயே இருக்கும். அதிலிருந்து கைரேகை போன்ற ஒரு எண் மட்டும் உருவாகி, சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். அந்த ரேகையோடு பொருந்தும் படம் அங்கே ஏற்றப்பட்டால் அவர்கள் தடுப்பார்கள். இது தவிர, நிர்வாணப் படம், மார்ஃபிங் படம், போலி ஆள்மாறாட்டக் கணக்கு பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் தளங்களுக்குக் கட்டளையிட்டன.

காவல் நிலையம் என்றதும் தயங்குவார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆவது பிரிவைச் சொல்கிறேன்: குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும், கூடுமானவரை பெண் அதிகாரி பதிய வேண்டும், அப்போது சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடவும் கூடாது. இவை சலுகை அல்ல, கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

வகுப்புக் குழுவில் ஒரு மாணவியின் அந்தரங்கப் படம் வந்தால் பார்த்துவிட்டு ஃபார்வர்டு செய்யும் பிள்ளைகளுக்கும் ஒன்று. 18 வயது நிரம்பாதவரின் அத்தகைய படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவில் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம். "நான் எடுக்கல, வந்ததத்தான் அனுப்புனேன்" என்பது காப்பாற்றாது. வந்தால் அந்தப் பெண்ணிடமும் நம்பகமான ஒரு ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை வந்து சொன்னால் முதல் பத்து நிமிடம் போனைத் தொடாதீர்கள். "எங்கிட்ட சொன்னியே, அதுவே போதும்" என்ற வார்த்தை வரட்டும். திட்ட வேண்டியிருந்தால்கூட அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. அக்காவிடம் அன்றிரவே நான் பேசினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு மாடிக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் மூவரும் சேர்ந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ரிப்போர்ட் செய்து, புகார் பதிந்தோம். அந்தக் கணக்கு சில நாளில் காணாமல் போனது. பள்ளி திறந்ததும் ஒரு வாரம் அக்கா கூடவே நிறுத்தம் வரை போனாள். டியூஷன் நிற்கவில்லை, போனும் அவளிடமே இருந்தது.

படி 9: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மறுபடியும்

செட்டிங்ஸ் மாறும், புதிய வசதி வரும், புதிதாக யாராவது எதையாவது போடுவார்கள். காலண்டரில் இரண்டு நாளைக் குறித்துவையுங்கள். நாங்கள் குறித்திருப்பது மே விடுமுறையும் பொங்கல் விடுமுறையும்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது தாளும் பேனாவும் அவளே எடுத்துவந்தாள். அவளைப் பற்றி எழுத இரண்டே வரிதான் கிடைத்தது. "இப்ப உங்களப் பாப்பமா சித்தி?" என்று என் பெயரைத் தேடத் தொடங்கினாள். பதினைந்து நிமிடத்தில், பழைய மாணவர் சங்கம் ஒன்று எப்போதோ ஏற்றிய பட்டியலில் என் போன் எண்ணையும் வீட்டு முகவரியையும் எடுத்துவிட்டாள். நீக்கச் சொல்லும் மூன்று வரிக் கடிதத்தை அவளே எழுதினாள்.